'சூப்பர்' சொன்ன பிறகு ஒரு டிராகனைப் பற்றி என்ன பேசுவது?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறேன். நீங்கள் ஆறு பேர். நேரில் சந்தித்ததில்லை, இணையத்தில்தான் பழக்கம். ஆறு பேரும் டேப்லெட்டில் ஃபேன்டசி ஓவியம் வரைகிறீர்கள். முடித்ததும் குழுவில் போடுவீர்கள். 'சூப்பர்', 'வேற லெவல்', நான்கு தீப்பொறி எமோஜி. இரண்டு வருடமாக இப்படியே போகிறது, யாருடைய கையும் தேறியதாகத் தெரியவில்லை. போன வாரம் ஒருவர் போட்ட டிராகனில் சிறகு சரியில்லை என்று நீங்கள் வாய்விட்டுச் சொன்னீர்கள். "கற்பனை விலங்குதானே, அதில் என்ன சரி, தப்பு?" என்று கேட்டுவிட்டு அவர் அமைதியாகிவிட்டார். நட்பு கெடாமல், ஓவியமும் முன்னேறும்படி எப்படிப் பேசுவது என்கிறீர்கள்.

சிறகைப் பற்றி நீங்கள் சொன்னது சரியாகவே இருந்திருக்கலாம். சொன்ன நேரம்தான் தப்பு.

டிஜிட்டலில் எதை வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம் என்று வரையாதவர்கள் நினைப்பார்கள். 1994-இல் போட்டோஷாப் 3.0-வோடு லேயர், அதாவது படத்தைத் தனித்தனி அடுக்குகளாக வரையும் வசதி, வந்ததிலிருந்து இருக்கிற நம்பிக்கை அது. நடைமுறை வேறு. சிறகின் கோணத்தைக் கொஞ்சம் திருப்பினால் அது முதுகில் போடும் நிழல் மாறும். அதுவரை சிறகு மறைத்திருந்த மேகத்தைப் புதிதாக வரைய வேண்டும். சிறகுத் தோலை ஊடுருவி வந்த செந்நிற வெளிச்சத்தையும் இடம் மாற்ற வேண்டும். இதற்குள் பாதி லேயர்களை ஒன்றாக்கி அதன் மேலேயே பூசி முடித்திருப்பார். ஆக, அந்தக் குறையை வைத்துக்கொண்டு அவர் வருத்தப்படலாமே தவிர வேறொன்றும் செய்ய முடியாது. அதைத்தான் செய்திருக்கிறார்.

எனக்கும் இது நடந்திருக்கிறது. மூன்று வாரம் உட்கார்ந்து ஒரு மந்திரவாதினியை வரைந்தேன். கவசத்தில் கொடி வேலைப்பாடு, கூந்தலில் இழை இழையாக ஒளி. அனுப்பிய இரண்டாவது நிமிடம் ஒருவர், "அந்தம்மாவுக்கு இரண்டுமே வலது கையா?" என்று கேட்டார். பார்த்தால், ஆமாம். கோலைப் பிடித்த கையில் கட்டைவிரல் அந்தப் பக்கம் இருக்கிறது. மூன்று வாரமாக என் கண்ணில் படவில்லை. அந்தக் கோப்பை அப்புறம் நான் திறக்கவே இல்லை. இதே கேள்வி முதல் நாள் ஸ்கெட்ச்சிலேயே வந்திருந்தால் சிரித்துவிட்டு அழித்து வரைந்திருப்பேன்.

அதனால் உங்கள் குழு முதலில் மாற்ற வேண்டியது படத்தைக் காட்டும் பழக்கத்தை. விமர்சிக்கும் பழக்கம் பிறகு தானாக மாறும். முடித்துவிட்டுக் காட்டாதீர்கள், நடுவில் காட்டுங்கள். தீப்பெட்டி அளவில் நான்கு சின்னப் படங்கள் கிறுக்கும் கட்டத்தில், எது இழுக்கிறது என்று கேட்கலாம். கோட்டு வடிவம் வந்ததும் உடற்கூறு, நிற்கும் விதம், பார்வைக் கோணம். அடுத்து கறுப்பு வெள்ளையில் ஒளியும் நிழலும் அடைத்த கட்டம். ஒரே ஒரு முறைதான் காட்டப் போகிறீர்கள் என்றால் இங்கே காட்டுங்கள். படத்தின் முக்கால் பங்கு விதி இங்கேயே முடிவாகிவிடுகிறது, உழைப்போ இன்னும் கால் பங்குகூடப் போயிருக்காது. முடிந்த படத்துக்கு வாழ்த்து போதும். அவரே "அடுத்த படத்துக்கு என்ன கவனிக்கட்டும்?" என்று கேட்டால் அப்போது சொல்லலாம்.

காட்டும்போது எதைக் கேட்பது என்பதும் இருக்கிறது. "எப்படி இருக்கு?" என்று கேட்டால் 'சூப்பர்' என்றுதான் பதில் வரும், கேள்விக்கு ஏற்ற பதில் அது. "முதலில் உங்கள் கண் எங்கே போனது, டிராகனிடமா, கோபுரத்திடமா?" என்று கேட்டுப் பாருங்கள். "இவள் பயந்திருக்கிறாளா, கோபமாக இருக்கிறாளா?" "அந்தக் கோட்டை எவ்வளவு தூரத்தில் இருப்பதாகத் தோன்றுகிறது?" இதற்கெல்லாம் பதில் சொல்ல வரையத் தெரிய வேண்டியதில்லை, கண் இருந்தால் போதும். குழுவில் புதிதாக வந்தவரும் தைரியமாகப் பேசுவார். கோபுரத்திடம்தான் கண் போனது என்று நான்கு பேர் சொல்லிவிட்டால் உங்கள் டிராகனுக்கு என்ன குறை என்று ஒருவரும் விளக்க வேண்டாம், உங்களுக்கே புரிந்துவிடும்.

சொல்பவர் பக்கத்திலும் இதே கதைதான். பார்த்ததைச் சொல்லும்போது பெரும்பாலும் நாம் தவறுவதில்லை. காரணம் சொல்லும்போது சில நேரம் தவறுவோம். திருத்தம் சொல்ல ஆரம்பித்தால் அது அநேகமாக நம் படமாகிவிடும், அவர் படமாக இருக்காது. ஒரு நண்பரின் வீரன் படத்தைப் பார்த்து, "முகம் தட்டையாக இருக்கிறது, மூக்கைக் கொஞ்சம் தூக்குங்கள்" என்று நான் சொன்னேன். அவரும் பாவம், ஒரு மாலை முழுக்க மூக்கோடு மல்லுக்கட்டினார். முகம் தட்டையாகவே இருந்தது. மூக்கில் ஒன்றுமில்லை, இடப்பக்கத் தீப்பந்தமும் வலப்பக்க நிலவும் ஒரே பலத்தில் அடித்து முகத்தின் நிழலையெல்லாம் தின்றுவிட்டன. நிலவை மங்கவைத்ததும் முகம் எழுந்து நின்றது. "முகம் தட்டையாகத் தெரிகிறது" என்பதோடு நான் நிறுத்தியிருக்க வேண்டும்.

சரி, "கற்பனை விலங்குதானே" விஷயத்துக்கு வருகிறேன். ஃபேன்டசி வரைபவர்களுக்குள் வரும் சண்டைகளில் நான் பார்த்தவரை அதிகம் இங்கேதான் தொடங்குகின்றன, அதனால் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

நண்பர் சொன்னதில் உண்மை உண்டு. டிராகன் இல்லை. அந்த அளவுள்ள விலங்கு பறக்காது. நான்கு காலும் இரண்டு சிறகுமாக ஆறு உறுப்பு வைத்த முதுகெலும்பு விலங்கு பூமியில் இருந்ததே இல்லை. இந்தப் பொய்களையெல்லாம் பார்ப்பவர் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொள்கிறார், அதற்காகத்தானே வந்தார். ஆனால் அதே படத்தில் வீரனின் தலைமுடி இடப்பக்கமும் போர்வை வலப்பக்கமும் பறந்தால் அவருக்கு உறுத்துகிறது. ஏன் என்று சொல்லத் தெரியாது, "ஏதோ ஒட்டவில்லை" என்பார். நெருப்புக் கக்குவதை நம்பியவருக்கு ஒரு காற்று இரண்டு திசையில் அடிப்பதை நம்ப முடியவில்லை.

சிறகிலும் இதுதான். நிஜத்தில் முதுகெலும்பு விலங்குகள் மூன்று விதமாகச் சிறகு செய்திருக்கின்றன. வௌவாலின் சிறகு உண்மையில் ஒரு கை. கட்டைவிரல் மட்டும் கொக்கி மாதிரி வெளியே நிற்கும். மற்ற நான்கு விரல்களும் நீண்டு, குடைக்கம்பிகள் துணியைத் தாங்குவது போலத் தோலைத் தாங்கும். டெரோசார் என்ற, அழிந்துபோன பறக்கும் ஊர்வனவற்றுக்கு நான்காவது விரல் ஒன்று மட்டும் பெரிதாக நீண்டு சிறகை ஏந்தும். மற்ற மூன்றும் நகத்தோடு குட்டையாக முன்னால் இருக்கும். பறவைக்கு விரல்கள் குறுகி ஒட்டிக்கொண்டன, வேலையை இறகுகள் எடுத்துக்கொண்டன. தோல் சிறகு டிராகன் வரைகிறவர் பெரும்பாலும் வௌவாலைத்தான் எடுத்துக்கொள்கிறார், தெரிந்தோ தெரியாமலோ. அங்கேதான் தடுமாற்றம் வருகிறது. ஒரு சிறகில் நான்கு விரல், மறு சிறகில் மூன்று. மூட்டே இல்லாத இடத்தில் எலும்பு வளைகிறது. தோலின் மடிப்புகள் விரல் நுனியிலிருந்து விரியாமல் எங்கிருந்தோ விரிகின்றன. எல்லாவற்றையும் விட அதிகம் பார்ப்பது, முதுகில் ஸ்டிக்கர் ஒட்டியது போன்ற சிறகு. பறவையின் மார்பெலும்பு நடுவில் படகின் அடிப்பலகை மாதிரி துருத்திக்கொண்டிருக்கும். சிறகை அடிக்கும் பெரிய தசைகள் அதைப் பிடித்துக்கொண்டுதான் இயங்குகின்றன. டிராகனின் சிறகுக்குக் கீழே தோள் மாதிரி எதுவும் இல்லை, தசையும் இல்லை என்றால், பார்ப்பவருக்கு உடற்கூறு தெரியாவிட்டாலும் அது பறக்காது என்று தெரிந்துவிடும்.

இவ்வளவையும் நண்பரிடம் கொட்டச் சொல்லவில்லை. "சிறகு தப்பு" என்பதற்குப் பதில், "இது தரையிறங்கினால் சிறகை எப்படி மடக்கும்?" என்று கேட்டிருக்கலாம். அவரே ஓரத்தில் ஒரு மடித்த சிறகைக் கிறுக்கிப் பார்ப்பார், மூட்டு இல்லாத இடம் அப்போது தெரிந்துவிடும். இந்தக் கேள்வியில் தீர்ப்பு எதுவும் இல்லை, அவர் உருவாக்கிய விலங்கை நிஜமாக எடுத்துக்கொண்டு கேட்கிறீர்கள். ஃபேன்டசி வரைகிறவருக்கு அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. "கவசத்தோடு இவன் கையைத் தலைக்கு மேல் தூக்க முடியுமா?" "இந்த வாளை எந்த உறையில் வைப்பாள்?" இவையும் அந்த ரகம்தான்.

ஒரு விதிவிலக்கு. படம் வேண்டுமென்றே தட்டையாக, அலங்கார வேலை போல வரையப்பட்டிருந்தால் எலும்பு, தசைப் பேச்சு அங்கே செல்லாது. அந்தப் படம் தனக்கென வைத்துக்கொண்ட விதி என்ன, அதை எல்லா இடத்திலும் காப்பாற்றுகிறதா என்று மட்டும் பாருங்கள்.

அடுத்து ஒளி. ஃபேன்டசி படமென்றால் யார் கையிலாவது ஓர் ஒளிரும் உருண்டை இருக்கும். அதை நல்ல அடர் நீலத்தில் நிரப்பி, சுற்றிலும் ஏர்பிரஷ்ஷால் ஒரு வட்டம் போட்டுவிடுவார்கள். எவ்வளவு பூசினாலும் ஒளிராது. கண்கூசும் அளவுக்குப் பிரகாசமான ஒன்றின் நடுப்பகுதி கிட்டத்தட்ட வெள்ளையாகவே தெரியும். நிறம் அதன் ஓரத்திலும், அது விழும் விரல்களிலும் முகவாயிலும்தான் தங்கும். தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நான்கில் ஒரு பங்காகிவிடும் என்பதால், உள்ளங்கை பளீரென்று இருக்கும்போது பின்சுவரும் அதே பிரகாசத்தில் இருக்க முடியாது. கேட்க வேண்டியது, "இந்த உருண்டையை அணைத்துவிட்டால் படத்தில் என்னென்ன இருட்டாகும்?" பல படங்களில் எதுவும் இருட்டாகாது. போகிற போக்கில் ஒன்று: உருவத்தைச் சுற்றி நீல விளிம்பொளி போடும் பழக்கம் எனக்கு அலுத்துவிட்டது. பின்னால் நீல வெளிச்சம் எதுவுமே இல்லாதபோதும் போடுகிறார்கள். இது என் தனிப்பட்ட எரிச்சல், விமர்சனமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஒளியும் நிழலும் சரியாக இருக்கிறதா என்று சோதிக்க, படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கிப் பார்ப்பது வரைகிற எல்லோருக்கும் தெரிந்த வழி. அதில் ஒரு குழி இருக்கிறது. போட்டோஷாப்பில் நிறத்தை நீக்கும் 'டீசாச்சுரேட்' கட்டளையை அழுத்தினால் முழுச் சிவப்பு, முழுப் பச்சை, முழு நீலம் மூன்றும் ஒரே சாம்பல் நிறமாகிவிடும். நம் கண்ணுக்கு அப்படியில்லை. திரையின் வெளிச்சத்தில் பச்சையின் பங்கு சுமார் 72 சதவீதம், சிவப்பு 21, நீலம் வெறும் 7. அதனால் அந்தச் சோதனை பொய் சொல்லும். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கறுப்பு லேயரை நிரப்பி, அதன் கலப்பு முறையை 'கலர்' என்று மாற்றுங்கள். அப்போது தெரிவது கண்ணுக்குப் பக்கத்தில் வரும். ஆரஞ்சுத் தீயும் பச்சைக் காடும் நிறத்தில் பிரிந்து தெரிந்து, வெளிச்ச அளவில் ஒன்றோடொன்று கரைந்துபோயிருப்பதை இதில்தான் பிடிக்க முடியும்.

கேன்வாஸை இடவலமாகத் திருப்பிப் பார்ப்பதையும் அனுப்புமுன் செய்துவிடுங்கள். கிரிட்டா என்ற ஓவிய மென்பொருளில் விசைப்பலகையின் M எழுத்தைத் தட்டினால் போதும். ஓவியர்கள் தங்கள் வேலையைக் கண்ணாடியில் பார்த்துச் சோதிக்க வேண்டும் என்று லியொனார்டோ டா வின்சி எழுதி வைத்திருக்கிறார். தன் படம் அப்போது வேறொருவர் வரைந்தது போலத் தெரியும், குறை கண்ணில் படும் என்பது அவர் கணக்கு. என் மந்திரவாதினியை ஒரு முறை திருப்பியிருந்தால் அந்தக் கட்டைவிரலை நானே பார்த்திருப்பேன்.

நிறத்தைப் பற்றிக் குறை சொல்லுமுன் உங்கள் திரையைச் சந்தேகப்படுங்கள். இரவு நேர மஞ்சள் வடிகட்டி ஓடிக்கொண்டிருக்கும் போனில் பார்த்துவிட்டு, "கொஞ்சம் மஞ்சளாக இருக்கிறதே" என்று சொன்னவர் எங்கள் குழுவிலேயே உண்டு. வரைந்தவர் பக்கமும் கோளாறு இருக்கலாம். புதிய டேப்லெட்டுகள் பலவற்றில் டிஸ்ப்ளே பி3 என்ற அகன்ற நிற வெளி (திரை காட்டக்கூடிய நிறங்களின் எல்லை) இருக்கிறது, 1996-இல் எச்.பி.யும் மைக்ரோசாஃப்ட்டும் வகுத்த எஸ்.ஆர்.ஜி.பி. என்ற பொதுவான நிற வெளியைவிட அது கிட்டத்தட்ட கால் பங்கு பெரியது. அதில் வரைந்ததை மாற்றாமல் அனுப்பினால் மற்றவர் திரையில் சிவப்பு செத்துப்போய்த் தெரியலாம். எஸ்.ஆர்.ஜி.பி.க்கு மாற்றி, தரம் குறையாத பி.என்.ஜி. வடிவத்தில், படமாக இல்லாமல் கோப்பாக அனுப்புங்கள். அரட்டைச் செயலிகள் படத்தைத் திரும்ப ஜேபெக்காகச் சுருக்கும்போது 8-க்கு 8 பிக்சல் கட்டங்களாக வெட்டுகின்றன. இருட்டுப் பின்னணியில் உள்ள சிவப்பு விளிம்புகள்தான் முதலில் அழுக்காகும். அந்த அழுக்கைப் பார்த்துவிட்டு "பிரஷ் வேலை சுத்தமில்லை" என்று சொல்வது அநியாயம்.

மற்றவர் படத்தின் மேலேயே வரைந்து காட்டுவது, அதாவது பெயின்ட்ஓவர், மிகப் பயனுள்ளது. ரொம்பவும் புண்படுத்தக்கூடியதும் அதுதான். கேட்காமல் செய்யாதீர்கள். அனுமதி கிடைத்தாலும் தனி லேயரில், ஒரே பளிச்சென்ற நிறத்தில், கோடுகளாக மட்டும் போடுங்கள். தோளிலிருந்து சிறகுக்கு ஒரு கோடு, தண்டுவடத்துக்கு ஒரு வளைவு, அவ்வளவுதான். முழுக்க வண்ணம் பூசி அழகாக்கித் திருப்பிக் கொடுத்தால் அவர் கற்றுக்கொள்வதைவிடச் சுருங்கிப்போவதுதான் அதிகம்.

அதைவிட மோசமான ஒன்று இப்போது வந்திருக்கிறது. நண்பரின் ஸ்கெட்ச்சை ஏ.ஐ. கருவிக்குள் போட்டு, "பார், இப்படி முடிக்கலாம்" என்று குழுவில் வைப்பது. அது விமர்சனமே இல்லை. சிறகு ஏன் ஒட்டவில்லை என்று அந்தப் படம் ஒரு வார்த்தை சொல்லாது. அவர் சம்மதமில்லாமல் அவர் வேலை வேறொருவர் சர்வருக்குப் போய்விட்டது என்பது தனிக் கணக்கு. சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023-இல் கிளேஸ் என்ற கருவியை வெளியிட்டதே, ஓவியர்களின் பாணியை இத்தகைய கருவிகள் நகலெடுப்பதைத் தடுமாறவைக்கத்தான். குழுவுக்குள் காட்டியது குழுவுக்குள் இருக்கட்டும். வெளியே போடுவது, கருவிக்குக் கொடுப்பது எல்லாம் வரைந்தவர் சொன்னால் மட்டும் என்று ஆறு பேரும் ஒரு முறை பேசி வைத்துக்கொள்ளுங்கள். போட்டோக்களை வெட்டி ஒட்டி வரைகிறவர்கள் அதையும் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பாறையின் அமைப்பு அற்புதம் என்று நான்கு வரி புகழ்ந்த பிறகு அது யாரோ எடுத்த போட்டோ என்று தெரிந்தால் புகழ்ந்தவருக்குத்தான் முகம் சிவக்கும்.

உங்கள் படத்தைப் பற்றி யாராவது சொன்னால் உடனே விளக்கம் கொடுக்காதீர்கள். "அது நிழல் இல்லை, சூனியப் புகை" என்று நீங்கள் விளக்க வேண்டியிருக்கிறது என்றால் புகை நிழலாகத் தெரிகிறது என்று அர்த்தம். ஒருவர் சொன்னதைக் கேட்டுக்கொண்டு விட்டுவிடலாம். இரண்டு பேர் ஒரே இடத்தைக் காட்டினால், அவர்கள் சொல்லும் காரணங்கள் ஒன்றுக்கொன்று முரணாக இருந்தாலும், அந்த இடத்தை ஒரு முறை பெரிதாக்கிப் பாருங்கள். மாற்றினீர்கள் என்றால் மாற்றியதைத் திரும்பக் காட்டுங்கள். இதைப் பலர் செய்வதில்லை. நேரம் ஒதுக்கி நாலு வரி எழுதியவருக்கு, அது எங்கே போய்ச் சேர்ந்தது என்று தெரியாவிட்டால் அடுத்த முறை அவரும் 'சூப்பர்' என்று தட்டிவிட்டுப் போய்விடுவார்.

இப்போது அமைதியாகிவிட்ட நண்பர். அந்தச் சிறகைப் பற்றி மறுபடி பேச்செடுக்க வேண்டாம். நீளமாக மன்னிப்பும் வேண்டாம், அது அவரைத்தான் சங்கடப்படுத்தும். நீங்களே சிறகுள்ள ஒன்றை வரைய ஆரம்பியுங்கள். கோட்டு வடிவம் வந்ததும், பாதி அழித்த கோடுகளோடு, அசிங்கமாக இருக்கும்போதே அவருக்குத் தனியாக அனுப்புங்கள். "தோள் இங்கே வந்தால் சிறகு மடங்குமா? எனக்குப் பிடிபடவில்லை" என்று கேளுங்கள். உண்மையாகவே பிடிபடாத இடத்தைத்தான் கேட்க வேண்டும், இல்லாவிட்டால் நாடகம் என்று கண்டுபிடித்துவிடுவார். அவர் டிராகனோடு அத்தனை நாள் உட்கார்ந்தவர், சிறகைப் பற்றி உங்களைவிட அதிகம் யோசித்திருப்பார். ஒரு வேளை சிவப்புக் கோடு போட்டே திருப்பி அனுப்புவார்.